முதல் குறையைக் கேளுங்கோ

என்னிடம் பதினேழு கருவாட்டுப் பைகள் இருக்கின்றன. எல்லாம் வெறும் பைகள். கழுவி, வெயிலில் உலர்த்தி, வாங்கிய திகதியை மூலையில் எழுதி, ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன். கோப்பு இருக்கும் அலுமாரியில் மனைவி தன் சேலைகளை வைப்பதில்லை. "சனங்கள் முத்திரை சேர்க்குது, பழைய காசு சேர்க்குது. இந்த மனிசன் நாத்தத்தைச் சேர்க்குது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவாள். அதை மறுக்க முடியாது.

பைகளை விட, அவற்றுக்குள் இருந்த துண்டுக் கடதாசிகள்தான் எனக்கு முக்கியம். அவற்றை எழுதியவரோடு நான் இரண்டு வருடம் ஒரே வகுப்பில் படித்தேன்.

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ-ஒன்பது வீதியோரம் இருந்தது அந்த வேதாகமக் கல்லூரி. சபை ஊழியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய இடம். சனங்கள் திரும்பி வந்து குடியேறிய காலத்தில், சிறிய சபைகளிடம் போதகருக்குச் சம்பளம் கொடுக்க வழி இருக்கவில்லை. கையில் ஒரு தொழிலும் இருந்தால் ஊழியன் சபைக்குப் பாரமாக இருக்கமாட்டான் என்று நிர்வாகம் யோசித்தது. அப்படித்தான் 'வணிகமும் தொழில்முனைவும்' என்ற இரண்டாண்டு டிப்ளோமா வந்தது. காலையில் வேதம், மத்தியானத்துக்குப் பிறகு வியாபாரம். ஊழியத்துக்குப் போகாதவர்களும் சேரலாம். முதல் அணியில் நாங்கள் பதினான்கு பேர். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் இருந்த வேலை போய்விட்டது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. இங்கே வரும் கிழமைகளும் மாதங்களும் அந்தக் கொப்பிகளிலிருந்து எடுத்தவை.

துண்டுகளை எழுதியவரை முதலில் கண்டது என்பதை விட, கேட்டது என்பதுதான் சரி. நேர்முகத்துக்காக அதிபரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை, காலை எட்டேகால். யன்னல் திறந்திருந்தது.

"பாஸ்டர், முதல் குறையைக் கேளுங்கோ. நான் மாதா கோயில் ஆள். மாறமாட்டன். காலமை ஜெபத்துக்கு வருவன், ஆனால் சிலுவை போட்டுத்தான் கும்பிடுவன். ரெண்டாவது, வலப்பக்கக் காது கேக்காது. மூண்டாவது, எனக்குக் கோவம் வரும்."



"நல்லது ஏதும் இருக்கோ, அம்மா?" என்று அதிபர் கேட்டார்.

"அது படிப்பிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

வெளியே வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். நல்ல உயரம். கையில் உப்பு அறுத்த பழைய வெடிப்புகள். என்னைப் பார்த்து, "உள்ளை போம் தம்பி, நல்ல மனிசன்தான்" என்றார். பிறகு நின்று, திரும்பி, "கொஞ்சம் மெதுவாக் கதைப்பார். அதுதான் குறை" என்றார்.

வகுப்பில் எல்லாருக்கும் அவர் 'அக்கா'. முள்ளிவாய்க்கால் கடற்கரையைச் சேர்ந்தவர். தம்பியிடம் ஒரு சிறு வள்ளம் இருந்தது. அவர் பிடிப்பதை அக்கா கருவாடு போட்டு விற்பார். கரையில் மொத்தமாக வாங்க வருகிறவன் சொன்னதே விலை என்பதால், சொந்தமாக விற்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். முதல் நாள் எல்லோரும் எழுந்து தம்மைப் பற்றிச் சொன்னபோது, அவர் காதையும் கோபத்தையும் திரும்பச் சொன்னார். காது எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வி எவருக்கும் தேவைப்படவில்லை. கடைசியாக, "மனிசன் எங்கை எண்டு தெரியாது. அதை நான் குறையாச் சொல்லேல்லை. அது வேற" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குறையை முதலில் சொல்வது அவரிடம் வந்து ஒட்டிய கொள்கை அல்ல. மூச்சு மாதிரி அவரோடு இருந்தது. குடையை இரவல் கேட்டால், "ஒரு கம்பி முறிஞ்சது, இடப்பக்கம் நனைவீர்" என்று சொல்லித் தருவார். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு வந்திருந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். "இவ என்ர மகள். கணக்கிலை மொக்கு. இனிக் கதையுங்கோ" என்று எங்களுக்கு அறிமுகம் செய்தார். பிள்ளை கூசவில்லை. "இவ என்ர அம்மா. வாய்க்குப் பூட்டில்லை. இனிக் கதையுங்கோ" என்றது. அக்கா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

அந்த மேசை எங்கள் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இருந்தது. பாடத்தின் ஒரு பகுதியாக, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கல்லூரி வாசலில் ஒவ்வொருவரும் தாம் செய்த பொருளை விற்கவேண்டும். வீதியால் போகிற சனம் நிற்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இளம் விரிவுரையாளர் ஒருவர் ஒவ்வொரு மேசையாக நின்று பார்த்துப் புள்ளி போடுவார். முதல் வசனத்திலேயே வாங்குகிறவரின் மனதைப் பிடிக்கவேண்டும் என்பது அவருடைய பாடம்.

ஒருநாள் மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவர் அக்காவின் மேசையில் நின்றார்.

"அக்கா, கருவாடு எப்பிடி?"

"முதல் குறையைக் கேளும். உப்புக் கூட. ஒரு மணித்தியாலம் ஊறவிடாட்டி வாயிலை வைக்கேலாது."

வந்தவர் ஹெல்மெற்றைக் கழற்றினார். "வேற?"

"பலகையிலை கட்டாக் கருவாடு எண்டு எழுதியிருக்கு. அரைவாசி பாரை. இந்தக் கிழமை கட்டா மீன் படேல்லை."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை. மிச்சமெல்லாம் நல்லம்."

"நான் பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கு நீங்கள் அங்கை இருந்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டு இரண்டு பை வாங்கிக்கொண்டு போனார்.

விரிவுரையாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, குறையைக் கடைசியிலை சொல்லலாம்தானே?"

"கடைசியிலை எண்டா அதுக்குள்ளை சாமான் கைமாறிப் போடும், சேர்."

"அப்ப விக்காது."

"விக்காட்டி நாங்கள் தின்னுவம்."

பல வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் நடந்தது. முதல் வசனத்தைக் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தவர்களே அதிகம். ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர்கள் வேறெங்கும் பார்க்காமல் நேரே அவரிடம் போவார்கள். "இண்டைக்கு என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள்.

என்னுடைய மேசை அவருடையதற்கு அடுத்தது. நான் நெல்லிக்காயில் இனிப்புப் பானமாக நெல்லிரசம் காய்ச்சிப் போத்தலில் அடைத்து விற்றேன். சங்கக்கடையில் கற்றிருந்த எல்லாவற்றையும் அதில் காட்டினேன். அழகான லேபல், பச்சை மூடி. ஒரு குறை இருந்தது. இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு மேல் வைத்தால் புளித்து, மூடியைத் தள்ளும். ஒரு பங்குனி வெயிலில் விடுதி அறையில் மூன்று போத்தல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ள உதவியவர் அக்கா. வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு ஆசிரியை என்னிடம் நான்கு போத்தல் கேட்டார். கலியாண வீட்டுக்கு, அடுத்த மாதம் என்றார். நான் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது.

"ரீச்சர், அது ரெண்டு கிழமைக்கு மேலை நிக்காது. கலியாணத்துக்கு முதல் நாள் வந்து வாங்குங்கோ."

ஆசிரியை போத்தல்களை வைத்துவிட்டுப் போனார். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"அக்கா, உங்கட சாமானுக்கு நீங்கள் என்னவும் சொல்லுங்கோ. என்ர சாமானை என்னட்டை விடுங்கோ."

அவர் கோபக்காரி. பதிலுக்கு ஏதாவது வரும் என்று காத்து நின்றேன். ஒரு கருவாட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நீர் சொல்லுறது சரி தம்பி. அது உம்மட வாயாலை வரவேணும். இனி நான் சொல்லேல்லை."

பதினொரு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. கொப்பியில் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் அவர் கொண்டுவந்த சூடைக் கருவாட்டுக் குழம்பு என் பிடிவாதத்தை முடித்தது. உப்புக் கூடத்தான்.

இரண்டாம் வருட முடிவில் கல்லூரி ஒரு அறிவித்தல் போட்டது. வீதியோரக் காணியில் ஒரு கடை அறை கட்டி முடிந்திருந்தது. சிறந்த தொழில் திட்டம் வைத்திருக்கும் மாணவருக்கு அதை இரண்டு வருடம் வாடகையில்லாமல் கொடுப்பார்கள். எங்கள் பதினான்கு பேருக்கும் அது ஆசை. அக்காவுக்கு மட்டும் ஆசையோடு நிற்கவில்லை. படிப்பு முடியும்போது கடை இல்லையென்றால் அவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. வவுனியாவில் ஒரு முகவர் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருந்தார். மகளைத் தம்பி வீட்டில் விடவேண்டும். தம்பிக்கே மூன்று பிள்ளைகள்.

திட்டங்களை நடுவர்கள் முன்னால் சொல்லும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மின்விசிறி உள்ள பெரிய மண்டபம் வேறு இல்லாததால், ஜெப ஆலயத்திலேயே வைத்தார்கள். முன்வரிசையில் மூன்று பேர்: எங்கள் அதிபர், ஒரு வங்கி அதிகாரி அம்மா, முல்லைத்தீவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். ஹாஜியார் இடம்பெயர்ந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்து, பழைய அத்திவாரத்தின் மேலேயே கடையைக் கட்டியவர். வவுனியாவிலும் அவருக்கு ஒரு கடை இருந்தது. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். முடிந்ததும் அதிபர் மேசைமணியை அடிப்பார்.

எங்கள் ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமை காலைகளில் யாராவது முன்னால் வந்து தன் குற்றங்குறைகளை அறிக்கையிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சபை ஒரே குரலில் 'ஆமென்' சொல்லும். இரண்டு வருடப் பழக்கம். நாக்கு தானாகவே சொல்லிவிடும்.

அக்கா பிரசங்க மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.

"முதல் குறையைச் சொல்லுறன். கார்த்திகை, மார்கழி, தை மூண்டு மாசமும் மழை. கருவாடு காயாது. கடை பூட்டித்தான் இருக்கும்."

"ஆமென்" என்றது மண்டபம்.

யாரும் வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த இடமும் அந்தத் தொடக்கமும் சேர்ந்து எங்களைச் சொல்ல வைத்தன. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அதிபரோ பழக்கதோஷத்தில் கண்ணை மூடிவிட்டார். அக்கா வலக்காதுப் பக்கமாக வந்த சத்தம் விளங்காமல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ரெண்டாவது, காத்துக் காலத்திலை வள்ளம் போகாது. மீனுக்கு நிச்சயம் இல்லை."

"ஆமென்."

ஹாஜியார் பக்கத்தில் இருந்த வங்கி அம்மாவிடம் குனிந்து, "இதென்ன, நட்டத்துக்கும் ஆமென் சொல்லுறாங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

ஒவ்வொரு குறைக்கும் ஆமென், ஆமெனுக்குப் பிறகு ஒரு சிரிப்பு, சிரிப்பு அடங்க ஒரு நிமிடம். அக்கா ஆறாவது குறையில் நின்றபோது அதிபர் கண்ணைத் திறந்து மணிக்கூட்டைப் பார்த்து மணியை அடித்தார். பத்து நிமிடம் முடிந்துவிட்டது. திட்டத்தின் நல்ல பக்கம் ஒரு வரி கூட வரவில்லை. அக்கா கடதாசியை மடித்துக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில் இருந்தார்.

அடுத்தது நான். அழகாகப் பேசினேன். வரைபடங்கள் வைத்திருந்தேன். கடைசியில் வங்கி அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?"

"மூண்டு மாசம், மேடம்."

சொல்லும்போது அக்காவைப் பார்த்தேன். நல்ல காதை என் பக்கம் திருப்பித்தான் இருந்தார். எழும்பவில்லை. வாய் திறக்கவில்லை. தன் கைகளில் இருந்த வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிச் சொல்லேல்லை என்று எனக்குச் சொன்ன சொல்லை அவர் அந்த மண்டபத்தில் காப்பாற்றினார். எதைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்பது அங்கே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அறை எனக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு, வீதியோரப் பஸ் தரிப்பில் அக்கா நின்றார். கையில் ஒரு சொப்பிங் பை.

"எங்கையக்கா?"

"வவுனியாவுக்கு. ஏஜென்சிக்காரன் கையெழுத்துக்கு வரச் சொன்னவன். காது கேக்காதெண்டதை அங்கை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதாம். விசரன். அவையள் கூப்பிட நான் திரும்பாட்டி அடிக்க மாட்டினமே?"

"நல்ல இடமோ?"

"முதல் குறையைக் கேளும். பிள்ளைக்குப் பதினாலு வயசு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "மிச்சமெல்லாம் நல்லமாம்."

பஸ் வந்தது, ஏறினார். நான் அந்த இடத்திலிருந்து நேரே அதிபரின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், என்ர நெல்லிரசம் ரெண்டு கிழமைக்கு மேலை நிக்காது. செவ்வாய்க்கிழமை நான் பொய் சொன்னனான்."

தண்ணீரில் குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது அறிக்கையோ, வியாபாரமோ?"

"ரெண்டும்தான், பாஸ்டர்."

"அறிக்கை எண்டா மன்னிப்பு இருக்கு. வியாபாரம் எண்டா அறை போயிடும்."

"போகட்டும்."

"ஆருக்குக் குடுக்கிறது எண்டு நான் தனியச் சொல்லேலாது. திரும்பவும் மூண்டு பேரும் இருந்து கேக்கவேணும்."

எட்டு மணி ஐம்பதுக்கு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பஸ் இரைச்சலுக்குள் அவர் குரல் உரத்து வந்தது.

"என்ன தம்பி? மாங்குளம் தாண்டியிட்டம்."

"கையெழுத்துப் போடாதேங்கோ, இறங்குங்கோ. பாஸ்டரிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். திரும்பவும் கேக்கப் போகினம்."

"முதல் குறையைச் சொல்லும்."

"அறை உங்களுக்குத்தான் வரும் எண்டு சொல்லேலாது."

பிறகு நடத்துநரிடம் அவர் சத்தம் போடுவது கேட்டது: "தம்பி, நிப்பாட்டும்! ஓம், ரிக்கெற் வவுனியாவுக்குத்தான். அதுக்கென்ன, மிச்சத் தூரத்தை நீரே வைச்சிரும்."

கனகராயன்குளத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினார்.

புதன்கிழமை மூவரும் மீண்டும் வந்தார்கள். இந்த முறை அதிபர் மணியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். "அம்மா, குறையெல்லாம் கேட்டாச்சு. இண்டைக்கு நல்லதை மட்டும் சொல்லுங்கோ."

அக்கா பிரசங்க மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் காத்திருந்தோம். அவருக்கு வேர்த்தது. அந்த மனிசி திணறி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"கருவாடு நல்லம்," என்றார். யோசித்தார். "மண் இருக்காது. ஈ இருந்ததை விக்கிறதில்லை." இன்னும் யோசித்தார். "அவ்வளவுதான்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஹாஜியார்தான் முதலில் சிரித்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"எங்கட மார்க்கத்திலயும் சாமானிலை குறை இருந்தாச் சொல்லித்தான் விக்கோணும். சின்ன வயசிலை இருந்து கடையிலை நிக்கிறன். முழுக்கச் செய்தனெண்டு சொல்ல ஏலாது. தங்கச்சி, மழை இல்லாத மாசமெல்லாம் என்ர ரெண்டு கடைக்கும் நீங்க கருவாடு தாங்க. ஒரு கண்டிசன். இப்ப வாயாலை சொல்லுற குறையை ஒரு துண்டிலை எழுதி ஒவ்வொரு பைக்குள்ளயும் வைக்கோணும்."

"அது கருவாட்டை விட மினக்கெட்ட வேலை," என்றார் அக்கா. "ஆனால் செய்வன்."

அறை அவருக்குக் கிடைத்தது. கடவுச்சீட்டை அடுத்த கிழமை அதிபர் தானே போய் மீட்டுக்கொண்டு வந்தார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் அவருடைய கதைதான். ஐப்பசிக் கடைசியில் அக்கா என்னைக் கூப்பிட்டு அறைச் சாவியை நீட்டினார்.

"மூண்டு மாசம் சும்மா பூட்டிக் கிடக்கப் போகுது. உம்மட நெல்லிரசத்தைக் கொண்டுவந்து வையும். முதல் குறையைக் கேளும். கருவாட்டு மணம் போகாது."

"ரெண்டாவது குறையை நான் சொல்லட்டே?" என்றேன். "மழைக்குள்ளை ஒருத்தரும் நெல்லிரசம் குடிக்கமாட்டினம்."

"அதைத்தான் நீர் அண்டைக்குச் சொல்லியிருக்கோணும்" என்று சொல்லி, என் தலையில் சாவியால் ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

மழைக்குள் நான் விற்ற போத்தல்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றிலும் 'இரண்டு கிழமைக்குள் குடிக்கவும்' என்று எழுதியிருந்தேன். அடுத்த மழைக்கு முன் வவுனியாவில் ஒரு அச்சகத்தில் படி திருத்தும் வேலை கிடைத்தது. மற்றவர்களின் பிழையைத் தேடிக் கண்டுபிடித்து ஓரத்தில் குறிக்கும் வேலை. எனக்குப் பொருந்தியது. அங்கேயே கலியாணம், வீடு எல்லாம் ஆயிற்று.

ஹாஜியாரின் வவுனியாக் கடையில்தான் முதல் பையைக் கண்டேன். பிரித்தால் மேலே ஒரு துண்டு. 'உப்புக் கூட. ஒரு மணித்தியாலம் ஊறவிடவும்.' அக்காவின் எழுத்துத்தான். 'ற' வின் வால் அடுத்த வரி வரை இறங்கியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிக் காயவைத்தேன். அன்று தொடங்கியது இந்தச் சேகரிப்பு.

என் நாட்குறிப்பில் மழை, வெயில், காற்று எல்லாம் எழுதுவேன். எழுத மறந்த நாட்களை அவருடைய துண்டுகளைக் கொண்டு நிரப்பலாம் என்பது நாலாவது பையில்தான் புரிந்தது. 'மூன்று நாள் புகார், வெயில் இல்லை. நிறம் கறுப்பு, ருசிக்குப் பிழையில்லை.' 'காற்றுக் கடுமை. பெரிய மீன் படேல்லை, எல்லாம் சின்னன்.' ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த நோய்க்காலத்தில்: 'பஸ் இல்லை. பதினொரு நாள் பழசு.' எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடத்தில்: 'மண்ணெண்ணெய் இல்லை. துடுப்புப் போட்டுப் பிடித்தது. அதனால் கொஞ்சம்தான்.' பெரிய வரலாறுகள் நிறைய வாசித்திருக்கிறேன். ஒரு கடற்கரையைப் பற்றி இவ்வளவு குறைந்த சொல்லில் இவ்வளவு உண்மையை எங்கும் வாசித்ததில்லை. ஒரு துண்டிலாவது அவர் தன் சரக்கைப் புகழ்ந்ததில்லை.

இலவசக் காலம் முடிந்தபிறகு வாடகை கொடுத்து அதே அறையில்தான் இருக்கிறார் என்று ஹாஜியாரின் மகன் சொல்லுவார். மீனை வெட்டிக் காயவைப்பது கரையில், பையில் அடைப்பது அறையில். வவுனியாவிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பயணம். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறையும் போகவில்லை. வேலை, பிள்ளைகள் என்று காரணம் சொல்லலாம். அது 'மூண்டு மாசம், மேடம்' என்று அன்று சொன்னது போன்ற காரணம். உண்மையில் பைகள் வந்துகொண்டிருந்தன, அது எனக்குப் போதுமாக இருந்தது.

சென்ற வியாழக்கிழமை பதினெட்டாவது பையை வாங்கினேன். பிரித்ததும் துண்டு. நீளமான வால் இல்லை. உருண்டையான, ஒழுங்கான, பள்ளிக்கூடத்து எழுத்து.

'அம்மாவுக்குக் கை நடுக்கம். ஆனால் வெட்டுறதை விடமாட்டாவாம். துண்டுகள் ஒரே அளவில் இல்லை.'

சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் அந்தத் துண்டை இரண்டு முறை வாசித்தேன். கணக்கில் மொக்கு என்ற பிள்ளை தாயின் பக்கத்திலேயே இருந்து வளர்ந்திருக்கிறாள். வாய்க்குப் பூட்டில்லாத தாயின் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கருவாட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்று விரல் தடிப்பு, ஒன்று கடதாசி மாதிரி. சொன்னது சரி.

மனைவி எட்டிப் பார்த்து, "இதையும் கழுவிக் காயப்போடப் போறியளோ?" என்றாள்.

"இல்லை. சந்தையிலை நெல்லிக்காய் இருக்கோ?"

நெல்லிரசம் காய்ச்சிக் கனகாலம். பக்குவம் கைக்கு மறக்கவில்லை. ஒரே ஒரு போத்தல். ஒரு துண்டில் 'இரண்டு கிழமைக்கு மேல் நிற்காது' என்று எழுதி, நூலால் கழுத்தில் கட்டினேன்.

இதைக் கிளிநொச்சி பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். கனகராயன்குளம் தாண்டிவிட்டது. போத்தல் மடியில் இருக்கிறது. இன்று சனிக்கிழமை, காய்ச்சியது நேற்று. பதின்மூன்று நாள் இருக்கிறது.